ஒரு நஞ்சா, இரண்டா?

1617-ஆம் ஆண்டில் வரையப்பட்ட டச்சு ஓவியம் ஒன்று உண்டு. ஓவியர் யாரென்று பதிவில்லை. துணியால் இறுகச் சுற்றிப் பொதியப்பட்ட இரண்டு கைக்குழந்தைகள் அருகருகே இருக்கிறார்கள். டச்சு மொழியில் ஓவியத்தின் பெயருக்கும் ஏறக்குறைய அதுதான் பொருள்: பொதிந்த குழந்தைகள். ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் மேயர்களில் ஒருவரான யாகோப் தெ க்ராஃபின் இரட்டைப் பிள்ளைகள் என்று கருதப்படுகிறது. கலைப்படைப்பு என்ற அளவில் அதில் பெரிய விசேஷம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. செல்வந்தர் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்காகச் செய்யப்பட்ட பல நூறு ஓவியங்களில் அதுவும் ஒன்று. ஆனால் முகங்களைச் சற்று நிதானித்துப் பார்த்தால் ஒன்று வெளிறியும் மற்றது சிவந்தும் இருப்பது தெரியும். சாயம் தீர்ந்துபோன குறை அல்ல அது. ஓவியர் தாம் கண்டதை வரைந்திருக்கிறார்.

நம் காலத்து மகப்பேறு மருத்துவர்கள் அந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டு, இவை ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்து வளர்ந்த குழந்தைகளாக இருக்க வேண்டும், ஒன்றின் இரத்தம் மற்றதற்குப் போயிருக்கிறது என்று எழுதினார்கள். ஓவியத்தை வைத்து நோய் கண்டுபிடிப்பது மருத்துவர்களுக்குப் பிடித்தமான ஒரு பொழுதுபோக்கு. மோனாலிசாவுக்கே எத்தனையோ வியாதிகளைச் சொல்லியாகிவிட்டது. இருந்தாலும் இந்த ஓவியத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதை நம்பவே எனக்கு விருப்பம். அந்த ஓவியருக்குக் காரணம் தெரியாது. நிறம் மட்டும் தெரிந்தது. நமக்கு நேர்மாறு. குழந்தையின் நிறம் தெரிவதற்குப் பல மாதங்கள் முன்பே காரணத்தைப் பார்த்துவிட முடிகிறது. பார்த்த பிறகும் அதைக் காகிதத்தில் எழுதாமல் விட்டுவிடுகிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம்.

இரட்டைக் குழந்தை என்றதும் நம்மவர்கள் முதலில் கேட்பது, இரண்டும் ஒரே ஜாடையா என்பதை. அடுத்து, ஆணா பெண்ணா. கருவிலிருக்கும்போது இந்த இரண்டு கேள்விகளாலும் யாதொரு பயனும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இரண்டுக்கும் தனித்தனி நஞ்சா, அல்லது இரண்டுக்கும் சேர்த்து ஒரே நஞ்சா?

இரண்டு கருமுட்டைகள் தனித்தனியே கருவுற்றால், அநேகமாக எப்போதும் தனித்தனி நஞ்சுக்கொடிகள் உருவாகும். ஒரே கருமுட்டை கருவுற்றபின் இரண்டாகப் பிரிந்தால், எத்தனையாவது நாளில் பிரிந்தது என்பதைப் பொறுத்து அடுத்த எட்டு மாதங்களின் கதை மாறும். முதல் மூன்று நாட்களுக்குள் பிரிந்தால் தனித்தனி நஞ்சு, தனித்தனிப் பனிக்குடம். நான்காம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் பிரிந்தால் நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு. அதற்கும் தாமதமானால் இரண்டும் ஒரே பனிக்குடத்துக்குள் மிதக்கும். தொப்புள்கொடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பதின்மூன்று நாட்களுக்கும் மேல் கடந்துவிட்டால் பிரிவு முழுமையடையாது. சயாமில் 1811-இல் பிறந்த சாங், எங் சகோதரர்களின் பெயரால் உலகம் அறிந்த ஒட்டிப்பிறந்த இரட்டையர் உருவாவது அப்போதுதான். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரில் மூன்றில் ஒரு பங்கினர் தனித்தனி நஞ்சு உள்ளவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அச்சில் வார்த்ததுபோல் ஒரே ஜாடையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நஞ்சில் வளர்ந்தவர்கள் அல்லர்.

ஒரே நஞ்சு என்றால் இரண்டு தொப்புள்கொடிகளும் ஒரே நிலத்தில் வேர்விட்டிருக்கின்றன. வேர்கள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. ஃபிரீட்ரிஷ் ஷாட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1870, 80-களிலேயே நஞ்சுக்கொடிகளை ஆராய்ந்து இந்த இணைப்புகளை விவரித்து, இரு குழந்தைகளின் இரத்த ஓட்டங்களுக்கும் அப்பால் மூன்றாவதாக ஓர் ஓட்டம் இருக்கிறது என்றார். பெரும்பாலான கருக்களில் இந்த மூன்றாவது ஓட்டத்தின் வரவும் செலவும் சரியாக இருக்கும். நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து கருக்களில் கணக்கு தப்பிவிடுகிறது. ஒரு குழந்தை தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறது, மற்றது வாங்கிக்கொண்டே இருக்கிறது. கொடுக்கும் குழந்தைக்குச் சிறுநீர் சுரப்பது குறைந்து, பனிநீர் வற்றி, சவ்வு அதன்மேல் இறுக ஒட்டிக்கொள்கிறது. வாங்கும் குழந்தையின் நிலையும் சுகமில்லை. அளவுக்கு மீறிய இரத்தத்தை அடித்துத் தள்ளி அதன் இதயம் களைத்துப்போகிறது. அதன் பனிக்குடம் நீர் நிரம்பிப் பானைபோல உப்புகிறது. பெறுபவருக்கும் கேடு விளைவிக்கும் கொடை இது. பெரும்பாலும் 16 முதல் 26 வாரங்களுக்குள் இது தொடங்கும். தீவிரமான நிலையில் சிகிச்சை செய்யாமல் விட்டால் பத்தில் எட்டு, ஒன்பது கருக்கள் பிழைப்பதில்லை.

இனி என் வீட்டுக் கதை. சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகள் கருவுற்றிருந்தாள். காவிரிக் கரையில் ஒரு நடுத்தர ஊர். பன்னிரண்டாம் வாரத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பி, "மாமா, ரெட்டைப் பிள்ளை! படிச்சுப் பாருங்க" என்றாள். படித்தேன். இரண்டு கருக்கள், இரண்டுக்கும் இதயத்துடிப்பு உண்டு, நீளம் இவ்வளவு, பிரசவத் தேதி இது. எல்லாம் நல்ல செய்திகள். நஞ்சைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இல்லை என்பது எனக்கு அன்று தெரியவில்லை. எழுத்துப் பிழைகளைக் கண்டுபிடிப்பதில் பெயர்பெற்றவன் நான். எழுதப்படாமல் போன வரியைக் கண்டுபிடிக்கும் பயிற்சி எனக்கு இல்லை.

பதினெட்டாம் வாரத்தில் அவளுக்கு வயிறு கிடுகிடுவென்று பெருத்தது. படுத்தால் மூச்சு முட்டியது. வீட்டுப் பெரியவர்கள், "ரெட்டைப் பிள்ளைன்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; அடுத்த ஸ்கேன் இருபதாம் வாரத்தில்தான் என்று ரிப்போர்ட்டே சொல்லியிருந்தது. இருபதாம் வாரம் போனபோது ஸ்கேன் அறையில் வெகுநேரம் மௌனம். "ஒரு குழந்தைக்குத் தண்ணி கம்மியா இருக்கு, மெட்ராஸ் போயிடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். இரவோடிரவாகக் காரில் சென்னைக்குப் போனோம். மறுநாள் லேசர் சிகிச்சை. கொடுத்துக்கொண்டிருந்த குழந்தையின் துடிப்பு இரண்டு நாளில் நின்றது. மற்றது முப்பத்திரண்டாம் வாரத்தில் பிறந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறது, வாய் ஓய்வதில்லை.

அந்தச் சென்னை மருத்துவர் பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பன்னிரண்டாம் வாரத்துப் படத்தில் ஓரிடத்தைப் பேனா முனையால் சுட்டினார். "இதோ பாருங்க, இங்க தெளிவா இருக்கே. ஒரே பிளாசென்ட்டா." படம் எடுத்தவர் நல்ல படமாகத்தான் எடுத்திருக்கிறார். பார்க்க வேண்டியது அதில் இருந்தது. எழுத வேண்டியவர் எழுதவில்லை. நஞ்சு ஒன்றுதான் என்று எழுதியிருந்தால் பதினாறாம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். உலகெங்கும் வழக்கம் அதுதான். அப்படிப் பார்த்திருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும் என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. மருத்துவமும் தயாரில்லை. பதினெட்டாம் வாரத்துப் பெருத்த வயிற்றை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு யாரும் சிரித்திருக்க மாட்டோம் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

அந்தப் படத்தில் இருந்தது என்ன என்பதை நான் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். விவரிக்கிறேன், விளங்கிக்கொள்ளக் கடினமானதல்ல. இரண்டு பனிக்குடங்களுக்கும் நடுவே ஒரு சவ்வு இருக்கிறது. அது நஞ்சுக்கொடியைத் தொடும் இடம்தான் முக்கியம். இரண்டு நஞ்சுகள் அருகருகே வளர்ந்து ஒட்டிப்போயிருந்தால், ஒன்றுபோலத் தோன்றினாலும், சவ்வின் அடியில் நஞ்சின் திசு ஆப்பு வைத்ததுபோல் நுழைந்திருக்கும். சவ்வு அங்கே தடித்துக் கவைபிரியும். கவட்டைக் குச்சியைக் கவிழ்த்துப் பிடித்தால் எப்படியோ அப்படி. மருத்துவர்கள் அதற்குக் கிரேக்க எழுத்தின் பெயரால் லாம்டா அடையாளம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். நஞ்சு ஒன்றே என்றால் இந்த ஆப்பு இருக்காது. மெல்லிய சவ்வு செங்குத்தாக வந்து தரையைத் தொடும் சுவர்போல நஞ்சில் முட்டும். ஆங்கில எழுத்து டி-யைத் தலைகீழாகப் போட்டதுபோல் இருப்பதால் அது டி அடையாளம். சவ்வே காணப்படவில்லை என்றால் பனிக்குடமும் ஒன்று. கவலை இன்னும் அதிகம்.

இதைத் தெளிவாகப் பார்க்கத் தகுந்த காலம் பதினான்கு வாரத்துக்கு முன்பு. வாரங்கள் செல்லச் செல்லக் கவைப் பகுதி மெலிந்துகொண்டே போகும். சிலரிடம் இருபதாம் வாரத்தில் அது மறைந்தே விடுவதும் உண்டு. அப்போது இரண்டு நஞ்சு உள்ளவர்களும் ஒரே நஞ்சு உள்ளவர்களைப்போலத் தோன்றுவார்கள். பன்னிரண்டாம் வாரத்தில் கண் சிமிட்டும் நேரத்தில் விடை கிடைக்கும் கேள்வி, ஐந்தாம் மாதத்தில் நிபுணர்களுக்கே ஐயமாகிவிடுகிறது. கூடுதல் கருவி வேண்டாம், ஊசி வேண்டாம், கூடுதல் கட்டணமும் வேண்டாம். சவ்வின் அடிப்பாகத்தைப் பார்த்து ஒரு வரி எழுத வேண்டும்.

இந்தியாவில் இந்த ஒரு வரிக்கு வேறு பல நாடுகளில் இல்லாத ஒரு முக்கியத்துவம் உண்டு. யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மற்ற பல நாடுகளில், தாமதமாக வரும் ஒரு பெண்ணுக்கு நஞ்சின் நிலை தெரியாமல் போனாலும் இன்னொரு வழி இருக்கிறது. ஒன்று ஆண், மற்றது பெண் என்று தெரிந்துவிட்டால் அவை இரண்டு கருமுட்டைகளில் வந்தவை, எனவே நஞ்சும் இரண்டு என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லிவிடலாம். அதை ரிப்போர்ட்டில் எழுதவும் செய்யலாம். இங்கே கருவின் பாலினத்தைச் சொல்வது 1994-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உசிலம்பட்டியையும் சேலத்தையும் மறந்துவிட்டு இதைப் பற்றிப் பேச நமக்கு உரிமையும் இல்லை. ஆனால் அதன் விளைவாக, தாமதமாகத் திறக்கக்கூடிய அந்தக் கதவு இங்கே காகிதத்தில் மூடியே இருக்கிறது. கதவு ஒன்றுதான் என்று ஆனபிறகு, அதைப் பன்னிரண்டாம் வாரத்தில் திறந்துபார்க்காமல் போவதற்குச் சமாதானம் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே சட்டத்தின்கீழ், கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எஃப் படிவம் என்ற ஒன்றை நிரப்பியாக வேண்டும். ஸ்கேன் எதற்காக எடுக்கப்படுகிறது என்பதற்கான காரணங்கள் அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. கருக்களின் எண்ணிக்கையையும், அவற்றின் நஞ்சு ஒன்றா இரண்டா என்பதையும் கண்டறிவது பட்டியலின் தொடக்கத்திலேயே ஒரு காரணமாக வருகிறது. எண்ணிக்கைக்கும் நஞ்சுக்கும் நடுவே ஓர் எண்ணும்மை. படிவம் எழுதிய அதிகாரிக்கு இரண்டையும் பிரிக்கக்கூடாது என்று தெரிந்திருக்கிறது. அந்தக் கட்டத்தில் டிக் செய்துவிட்டு, ரிப்போர்ட்டில் எண்ணிக்கையை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறோம்.

இவ்வளவும் ஒப்பீட்டளவில் அடிக்கடி நேர்வதைப் பற்றி. இன்னும் அரிதான ஒன்று உண்டு. என் தங்கை மகளுக்கு அது நேரவில்லை. சென்னையில் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்ணின் கதை அது. அவரைப் பற்றிய விவரங்களை விட்டுவிட்டு, நேர்வது என்ன என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஒரே நஞ்சைப் பகிரும் இரண்டில் ஒன்றுக்கு இதயமே உருவாவதில்லை, அல்லது உருவானதுபோல் தொடங்கி நின்றுவிடுகிறது. இயல்பாக அது அங்கேயே முடிந்துவிட வேண்டும். ஆனால் நஞ்சில் தமனியோடு தமனி நேரடியாக இணைந்திருப்பதால், உடன்பிறப்பின் இதயம் தள்ளும் இரத்தம் எதிர்த்திசையில் புகுந்து இதயமற்ற உடலுக்குள் ஓடுகிறது. அந்த இரத்தம் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது, உயிர்வாயு குறைந்தது. முதலில் கால்களையும் இடுப்பையும் சென்றடைவதால் கீழ்ப்பாதி ஓரளவு வளர்கிறது. தலையும் கைகளும் பெரும்பாலும் உருப்பெறுவதில்லை. உயிரில்லாத உடல் வளர்ந்துகொண்டே போகிறது. வளர்வது பெரிதாகப் பெரிதாக அதற்கும் சேர்த்து இறைக்கும் ஒற்றை இதயத்தின் சுமையும் ஏறுகிறது. ஆங்கிலத்தில் மருத்துவர்கள் அந்த ஆரோக்கியமான குழந்தையைப் பம்ப் என்ற சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். நம்மிடம் இரட்டைப் புலவர்களின் கதை உண்டு; முடவரைக் குருடர் தோளில் சுமந்து ஊரூராகப் போனார் என்பார்கள். அங்கே சுமக்கப்பட்டவர் கண்களையாவது கொடுத்தார், பாதிப் பாட்டும் கொடுத்தார். (அவர்கள் இரட்டையராகப் பிறந்தவர்களே அல்லர், மாமன் மகனும் அத்தை மகனும்தான் என்பது வேறு விஷயம்.) இங்கே சுமையால் திரும்பக் கிடைப்பது ஒன்றுமில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் சுமக்கும் குழந்தைகளில் பாதிக்குமேல் இறந்துவிடுவதாகப் பழைய கணக்குகள் சொல்கின்றன.

35,000 கர்ப்பங்களில் ஒன்று என்று பாடப்புத்தகங்கள் வெகுகாலம் எழுதிவந்தன. முதல் மூன்று மாத ஸ்கேன் பரவிய பின் வந்த கணக்கீடுகள், அது அதைவிட அடிக்கடி நேர்கிறது என்கின்றன. முன்பெல்லாம் பல இடங்களில் அது வேறு பெயரில் கடந்துபோயிருக்கிறது. பத்தாம் வாரத்து ஸ்கேனில் இதயத்துடிப்பு இல்லாத ஓர் உருவத்தைப் பார்த்தால், "ஒரு குழந்தை கலைந்துவிட்டது, மற்றது நன்றாக இருக்கிறது" என்று எழுதுவது இயல்பு. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஐயத்தைத் தீர்க்க டாப்ளர் பொத்தானை அழுத்தி, இறந்ததாகச் சொல்லப்படும் உருவத்துக்குள் வண்ணம் ஓடுகிறதா, எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். நஞ்சு ஒன்றென்று முன்பே எழுதியிருந்தால்தான் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்ற எண்ணமே வரும். மறுபடியும் அந்த ஒரு வரிக்குத்தான் வந்து நிற்கிறோம்.

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், கதிரியக்க மருத்துவர். நல்ல வாசகர். நகுலனைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்; இரட்டையரில் ஒருவரின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டவரைப் பற்றி இவர் பேசுவது பொருத்தம்தான் என்று நான் கேலி செய்வதுண்டு. இந்த விஷயத்தில் அவரும் நானும் பலமுறை சண்டை போட்டிருக்கிறோம். அவர் சொன்னது இது: "நீங்க ஒரு வரி ஒரு வரின்னு சொல்றீங்க. அந்த வரியைப் படிச்சுட்டு அந்தப் பொண்ணு கூகுள் பண்ணும். நூத்துல எண்பத்தஞ்சு பேருக்கு ரத்தம் மாறுற பிரச்சினையே வராது. அந்த எண்பத்தஞ்சு பேரும் அஞ்சு மாசம் தூங்க மாட்டாங்க. அதுக்குப் பொறுப்பு யாரு?"

இது ஒதுக்கித்தள்ளக்கூடிய வாதம் இல்லை. குறிப்பாக இதயமற்ற இரட்டையரின் விஷயத்தில். பன்னிரண்டாம் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அந்த இரத்த ஓட்டத்தை நிறுத்தும் சிகிச்சையைப் பெரும்பாலான இடங்களில் பதினாறாம் வாரத்துக்குப் பிறகுதான் செய்கிறார்கள். அதற்கு முன் பனிக்குடச் சவ்வுகள் ஒன்றோடொன்று சேர்ந்து உறுதியாகியிருக்காது, ஊசி நுழைந்தால் கிழிந்துவிடக்கூடும். இடைப்பட்ட அந்த நான்கு வாரங்களில் சில கருக்களில் சுமக்கும் குழந்தை இறந்துவிடுகிறது. சிலவற்றில் சுமையின் இரத்த ஓட்டம் தானாகவே நின்று, சிகிச்சையே தேவையில்லாமல் போகிறது. எது நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. காத்திருப்பதைத் தவிர அந்தத் தாய்க்குச் செய்ய ஒன்றும் இல்லை. முன்னதாகவே, பன்னிரண்டு வாரத்தை ஒட்டியே சிகிச்சை செய்துவிடலாமா என்பதை ஐரோப்பாவில் முறையான சோதனையாகவே நடத்திப் பார்க்க முனைந்தார்கள். கண்டுபிடிக்கும் கருவி சிகிச்சையைவிட வேகமாக முன்னேறிவிட்டதன் விளைவு இது. அந்த நான்கு வாரங்களை நண்பர் ‘மருத்துவம் கண்டுபிடித்த புதிய நோய்’ என்பார்.

ஆனாலும் நான் அவர் பக்கம் போகவில்லை. அச்சத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி மறைக்கப்பட்ட செய்தியின் விலையை எங்கள் வீடு கொடுத்திருக்கிறது. என் தங்கை மகள் அறியாமையில் நிம்மதியாக இருந்த எட்டு வாரங்கள் அவளுக்குப் பரிசாகத் தெரிவதில்லை. அவள் அதைத் திருட்டு என்கிறாள். அதோடு, அச்சத்தைப் பற்றிய இந்த வாதம் எப்போதும் பெண்களை முன்வைத்தே எழுகிறது என்பதையும் கவனித்திருக்கிறேன். மாரடைப்பு வரக்கூடும் என்று ஆணுக்குச் சொல்ல யாரும் தயங்கி நான் கண்டதில்லை.

இன்னொன்று: ஒரே நஞ்சு என்பதன் பொருள் ஒரு குழந்தையின் ஆபத்து ஒரு குழந்தையோடு முடிவதில்லை என்பதுதான். இரண்டில் ஒன்று வயிற்றிலேயே இறந்தால், உயிரோடிருப்பதன் இரத்தம் திடீரென்று இறந்ததன் குழாய்களுக்குள் வடிந்துவிடும். மற்றதும் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து என்றும், பிழைத்தால் மூளை பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு நூற்றுக்கு இருபத்தாறு என்றும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2011-இல் எழுதினார்கள். தனித்தனி நஞ்சு என்றால் இந்த எண்கள் மிகவும் குறைவு. எனவே, "ஒன்று போய்விட்டது, மற்றதைப் பார்த்துக்கொள்வோம்" என்று ஆறுதல் சொல்வதற்குக்கூட நஞ்சின் நிலை தெரிந்திருக்க வேண்டும்.

சிகிச்சை என்று ஒன்று இல்லாத காலத்தில் இந்த விவாதத்துக்கே அர்த்தமில்லை. 1990-இல் அமெரிக்க மருத்துவர் ஜூலியன் டி லியா, தாயின் வயிற்றுக்குள் மெல்லிய தொலைநோக்கியைச் செலுத்தி, நஞ்சின் மேற்பரப்பில் இரண்டு குழந்தைகளையும் இணைக்கும் இரத்தக் குழாய்களை லேசரால் பொசுக்கியதை வெளியிட்டார். அதற்குமுன் உபரி நீரை ஊசியால் வடிப்பதுதான் பெரும்பாலும் செய்யப்பட்டது. குளம் உடைந்ததை விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்த வெள்ளத்தை இறைப்பதுபோல. 1999-இல் கின்டேரோ இந்த நோயை ஐந்து நிலைகளாக வகுத்தார். 2004-இல் ஐரோப்பிய மருத்துவர்கள் 142 பெண்களை வைத்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். ஒரு குழந்தையாவது பிறந்து 28 நாள் வாழ்ந்தது லேசர் முறையில் நூற்றுக்கு 76, நீர் வடிக்கும் முறையில் 56. வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். நெதர்லாந்தின் லைடன் நகரத்து மருத்துவர்கள் 2007-இல் இன்னொரு வகையைப் பெயரிட்டு விவரித்தார்கள். அதில் நீரின் அளவு மாறுவதே இல்லை. மிக நுண்ணிய குழாய்கள் வழியே இரத்த அணுக்கள் மட்டும் மெல்ல மெல்லக் கசிந்து, ஒரு குழந்தை சோகை பிடித்து வெளிறியும் மற்றது இரத்தம் தடித்துச் சிவந்தும் பிறக்கின்றன. 1617-ஆம் ஆண்டு ஓவியத்தைப் பார்த்தபோது எனக்கு உடனே நினைவு வந்தது இதுதான். அந்த ஓவியத்தின் தேசத்திலேயே அதற்குப் பெயரும் கிடைத்தது தற்செயல் என்றாலும் மனதுக்கு இதமாக இருக்கிறது.

லேசர் எல்லா ஊரிலும் இல்லை. சென்னை, பெங்களூரு, டெல்லி போன்ற சில நகரங்களில்தான் அனுபவமுள்ள கைகள் இருக்கின்றன. எனவே வரி சீக்கிரம் எழுதப்பட வேண்டும் என்பதற்குத் தூரமும் ஒரு காரணம். பதினாறாம் வாரத்திலேயே ஆபத்தை அறிந்தவர் பஸ்ஸில் போய் வரலாம். இருபதாம் வாரத்தில் மூன்றாம் நிலையில் அறிந்தவர் நகையை அடகு வைத்து இரவில் கார் பிடிக்க வேண்டியிருக்கிறது. செயற்கைக் கருத்தரிப்பு மையங்கள் பெருகிவிட்ட காலத்தில் இரட்டையரும் பெருகியிருக்கிறார்கள். ஒரே ஒரு கருவை மட்டும் உள்ளே வைத்தாலும் அது இரண்டாகப் பிரிவது அங்கே சற்று அதிகம் என்பதைப் பலரும் கேள்விப்பட்டதுகூட இல்லை.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிப்போர்ட்டில் மோனோகோரியானிக் என்று எழுதினால் யாருக்கும் விளங்காது என்கிறார்கள். விளங்க வேண்டியதில்லை. ஒரே நஞ்சு என்று எழுதுங்கள். ஈழத்துப் பாடநூல்களில் சூல்வித்தகம் என்ற அழகான சொல் இருக்கிறது. நம் கிராமத்துப் பாட்டிகளுக்கு அதுவும் தேவையில்லை. பிரசவம் ஆனதும் "நஞ்சு விழுந்துடுச்சா" என்று கேட்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. பசுவானாலும் பெண்ணானாலும் நஞ்சு முழுமையாக வெளிவரும்வரை தலைவலியைப் பொருட்படுத்தாமல் காத்திருப்பார்கள். கடைசியில் கேட்ட கேள்வியை ஆறு மாதம் முன்தள்ளிக் கேட்கச் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் கேட்டுவிடுவார்கள்.

போன மாதம் நண்பரைப் பார்த்தேன். தன் ஸ்கேன் மையத்துக் கணினியில் இரட்டைக் கரு என்று பதிவானால், நஞ்சு ஒன்றா இரண்டா என்ற கட்டத்தை நிரப்பாமல் ரிப்போர்ட் அச்சாகாதபடி மாற்றிவிட்டதாகச் சொன்னார். எனக்காகச் செய்யவில்லையாம், படிவம் கேட்கிறதாம். இதயமற்ற இரட்டையரைப் பன்னிரண்டாம் வாரத்திலேயே தாயிடம் சொல்லிவிட வேண்டுமா என்பதில் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த நாலு வாரத்தை நீங்க வந்து அந்தப் பொண்ணுகூட உட்கார்ந்து கழிப்பீங்களா?" என்று கேட்டார். உட்காருவேன் என்றேன். நம்பாமல் சிரித்துவிட்டு நகுலனுக்குப் போய்விட்டார்.